பாலைவனத்தில் ஏரி: எந்தத் தண்ணீர்? யார் கணக்கு?



இன்றைக்கு நான் பேசப்போகிற விஷயம் கேட்ட உடனே கொஞ்சம் முரணாகத் தோன்றும். பாலைவனத்தில் ஏரி. அதுவும் இயற்கையாக அமைந்த ஏரி இல்லை. ஊருக்கு நடுவில் மனிதர்கள் வெட்டி, கரை கட்டி, குழாயிலும் கால்வாயிலும் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பிய ஏரி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்திலும் அதை ஒட்டிய டெம்பி, மேசா, சான்ட்லர், கில்பர்ட் போன்ற ஊர்களிலும் இப்படிப்பட்ட ஏரிகள் நிறைய இருக்கின்றன.

நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர் கணினி வேலைக்கும் சிப் ஆலை வேலைக்கும் அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற அப்பா அம்மாக்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீங்க. "பேருதான் பாலைவனம். வீட்டுக்குப் பின்னாடியே ஏரி. வாத்து நீந்துது, ஃபவுண்டன் அடிக்குது. அவங்களுக்கு என்னங்க தண்ணிப் பஞ்சம்?"

நியாயமான கேள்விதான். பஞ்சம் என்றால் ஏரி எதற்கு? ஏரி இருக்கிறது என்றால் பஞ்சம் எங்கே? இந்தக் கேள்வியை அரிசோனா மக்களே தங்களுக்குள் நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் ஜெயித்திருக்கிறார்கள், சில இடங்களில் சறுக்கியும் இருக்கிறார்கள். இரண்டிலும் நாம் தெரிந்துகொள்ள விஷயம் இருக்கிறது.

முதலில் ஒரு சின்ன வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஏரி என்றாலே பெரும்பாலும் மனிதர்கள் வெட்டியதுதான். மழை பெய்தால் நிரம்பும், மதகு திறந்தால் வயலுக்குப் பாயும், கோடையில் வற்றும். வற்றுவது அதன் இயல்பு. நான் சொல்கிற ஃபீனிக்ஸ் ஏரிகளுக்கு வற்ற அனுமதி கிடையாது. கரையில் வீடு வாங்கியவர்கள் பணம் கொடுத்தது தண்ணீர் தெரியும் என்பதற்காக. அதனால் வருஷம் முழுக்க ஒரே மட்டத்தில் அவை நிறைந்திருக்க வேண்டும். செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெயில் குடிக்கிற தண்ணீர்

ஃபீனிக்ஸில் ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழை ஏழெட்டு அங்குலம், அதாவது 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. சென்னையில் அதைப்போல ஆறேழு மடங்கு பெய்கிறது. 2023 கோடையில் அங்கே தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. நம் கணக்கில் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல்.

இந்த வெயிலில் திறந்து கிடக்கிற தண்ணீர் என்ன ஆகும்? வருஷத்துக்குச் சுமார் ஆறடி ஆவியாகிவிடும். ஆறடி உயரத் தண்ணீர் மேலே போகிறது; திரும்பி வருகிற மழையோ முக்கால் அடி கூட இல்லை.

இதை நமக்குப் புரிகிற மாதிரி கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால், அதை அமெரிக்காவில் ஒரு ஏக்கர்-அடி என்பார்கள். சுமார் 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். ஆறடி என்றால் 74 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கிற டேங்கர் லாரியில் அளந்தால் 600 லாரிக்கு மேல். ஒரு ஏக்கர் ஏரி, யாரும் குடிக்காமல், ஒரு செடிக்கும் பாயாமல், வருஷத்துக்கு 600 லாரித் தண்ணீரை வானத்துக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறது. அழகுக்கு நாம் கொடுக்கிற வாடகை அது.

அந்த வாடகையைக் கட்டுவது யார், எந்தத் தண்ணீரில் கட்டுவது என்பதுதான் முழு விவகாரமும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஃபீனிக்ஸ் இன்று நேற்று தண்ணீர் கொண்டுவந்த இடம் இல்லை. ஹோஹோகம் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் அங்கே பல நூற்றாண்டுகள் கையால் கால்வாய் வெட்டி, சால்ட் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி விவசாயம் செய்தார்கள். சால்ட் ரிவர் என்றால் நம் மொழியில் உப்பாறு. சுமார் 1450 வாக்கில் அந்த வாழ்க்கை முறை முடிவுக்கு வந்தது. 1860களின் இறுதியில் புதிதாகக் குடியேறியவர்கள் அதே பழைய கால்வாய்த் தடங்களைத் தூர்வாரிப் பயன்படுத்தினார்கள். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரை ஊருக்கு வைத்ததற்குக் காரணமும் அதுதான்: அழிந்த ஊரின் மேல் எழுந்த ஊர்.

1911இல் சால்ட் ஆற்றின் மேல்பகுதியில் ரூஸ்வெல்ட் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அணைகள் வந்தன. ஊருக்கும் வயலுக்கும் தண்ணீர் உறுதியானது. ஆனால் ஊருக்குள் ஓடிய ஆற்றுப்படுகை காய்ந்து மணலாகிவிட்டது. வெள்ளம் வரும்போது மட்டும் ஆறு, மற்ற நாளெல்லாம் வெறும் மணல்.

அது போதவில்லை. மேற்கு எல்லையில் ஓடுகிற கொலராடோ ஆற்றிலிருந்து ஒரு பெரிய கால்வாய் வெட்டினார்கள். மத்திய அரிசோனா திட்டம் என்று பெயர். 1973இல் வேலை தொடங்கி, 1985இல் ஃபீனிக்ஸ் பகுதிக்குத் தண்ணீர் வந்தது. 1993இல் டூசான் பக்கம் வரை வேலை முடிந்தது. நீளம் 336 மைல், அதாவது 540 கிலோமீட்டர். வழியில் தண்ணீரை மொத்தம் 2,900 அடிக்கு மேல் பம்ப் வைத்துத் தூக்குகிறார்கள். அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீரோடு மின்சாரமும் சேர்ந்துதான் செலவாகிறது.

மூன்றாவது ஆதாரம் நிலத்தடி நீர். நான்காவது, சுத்திகரித்த கழிவுநீர். ஆக நான்கு தண்ணீர். பார்க்க எல்லாம் ஒன்றுதான். ஆனால் சட்டத்தின் பார்வையில் நான்கும் ஒன்று இல்லை. அரிசோனா செய்த நல்ல காரியம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

28 சென்ட் சட்டம்

1970களில் நிலத்தடி நீரைக் கண்டபடி உறிஞ்சியதில் பல இடங்களில் நிலமே கீழே இறங்கியது. பூமியில் நீளமான வெடிப்புகள் தோன்றின. கொலராடோக் கால்வாய்க்குப் பணம் தருகிற மத்திய அரசு, "நிலத்தடி நீருக்கு முதலில் ஒரு ஒழுங்கு கொண்டு வாருங்கள்" என்று நெருக்கியது. 1980இல் ஆளுநர் புரூஸ் பாபிட் காலத்தில் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் வந்தது. ஃபீனிக்ஸ், டூசான் உள்ளிட்ட நெருக்கடியான பகுதிகள் தீவிர மேலாண்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அங்கே புதிதாகப் பாசன நிலத்தைச் சேர்க்க முடியாது. பெரிய கிணறுகளுக்கு மீட்டர் உண்டு, வருஷாந்திரக் கணக்கு கொடுக்க வேண்டும்.

அதே காலத்தில் வீட்டுமனை வியாபாரிகள் ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். நடுவில் ஒரு ஏரியை வெட்டு, சுற்றிலும் மனை போடு, "ஏரிக்கரை வீடு" என்று விற்பனை செய். பாலைவனத்தில் அந்த வார்த்தைக்குத் தனி மவுசு. விலை ஏறும். ஆனால் ஏரியை நிரப்பியது குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீர்.

இது இப்படியே போனால் சரிப்படாது என்று 1987இல் ஏரிகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். தீவிர மேலாண்மைப் பகுதிக்குள், 12,320 சதுர அடிக்கு மேற்பட்ட செயற்கை நீர்நிலையை அழகுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ அமைத்தால், அதை நிலத்தடி நீரையோ ஆற்று நீரையோ கொண்டு நிரப்பக் கூடாது. சுத்திகரித்த கழிவுநீரால் நிரப்பலாம்.

12,320 சதுர அடி என்பது நம்ம கணக்கில் சுமார் 28 சென்ட். ஐந்து கிரவுண்டுக்குச் சற்று அதிகம். "அதற்குள் இருந்தால் குளம், உன் பாடு. அதைத் தாண்டினால் ஏரி, ஊர்ப் பாடு" என்று ஒரு கோடு கிழித்தார்கள். "ஏரி வேண்டாம்" என்று சட்டம் சொல்லவில்லை, கவனிச்சீங்களா? "ஏரி வேணுமா, வெச்சுக்கோ, நல்ல தண்ணியில கைய வெக்காதே" என்றுதான் சொன்னது.

விலக்குகளும் உண்டு. சட்டம் வருவதற்கு முன்பே இருந்த ஏரிகளுக்கு விலக்கு. அரசோ நகராட்சியோ நடத்துகிற, பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்திருக்கிற பொழுதுபோக்கு இடங்களுக்கு விலக்கு. இந்த இரண்டாவது விலக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. ஊர்த் தண்ணீர் ஆவியாகத்தான் போகிறது என்றால், குறைந்தபட்சம் ஊரே வந்து கரையில் உட்காரட்டுமே.

கழிவுநீருக்கு வந்த மரியாதை

இந்தச் சட்டத்தால் நடந்த நல்ல விஷயம், சாக்கடை என்று முகம் சுளித்த தண்ணீருக்கு ஒரு மதிப்பு வந்தது.

ஃபீனிக்ஸுக்குக் கிழக்கே ஃபவுண்டன் ஹில்ஸ் என்று ஒரு சின்ன ஊர். ஊருக்கு நடுவில் ஏரி, ஏரிக்கு நடுவில் ஒரு நீரூற்று. 1970இல் அமைத்தது. முழு வேகத்தில் விட்டால் 560 அடி உயரத்துக்குத் தண்ணீர் எழும். இன்றைக்கு அந்த ஏரியில் இருப்பது சுத்திகரித்த கழிவுநீர். காற்று பலமாக வீசினால் ஊற்றை நிறுத்திவிடுகிறார்கள்.

கில்பர்ட் நகரத்தில் 110 ஏக்கரில் ஒரு பறவைப் பூங்கா இருக்கிறது. தொட்டி தொட்டியாகக் குளங்கள். ஊருடைய சுத்திகரித்த கழிவுநீரை அந்தக் குளங்களில் மாற்றி மாற்றி விடுகிறார்கள். அது மெல்ல மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீராகிறது. இறங்குகிற நேரத்தில் கொக்கும் நாரையும் வாத்தும் வந்து உட்காருகின்றன. மக்கள் காலையில் நடக்க வருகிறார்கள், பிள்ளைகள் பறவை பார்க்கிறார்கள். ஒரே தண்ணீர், மூன்று வேலை.

ஃபீனிக்ஸுக்கு மேற்கே இருக்கிற பாலோ வெர்டே அணுமின் நிலையம் இன்னொரு உதாரணம். அணுமின் நிலையம் என்றால் கடலோரத்திலோ ஆற்றோரத்திலோதான் பார்த்திருப்போம். இது நட்டநடுப் பாலைவனத்தில் நிற்கிறது. குளிரூட்ட அது பயன்படுத்துவது ஃபீனிக்ஸ் பகுதி ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீர். நேற்று யாரோ குளித்த தண்ணீர் இன்றைக்கு அவர் வீட்டு விளக்கை எரிக்க உதவுகிறது என்று சொன்னால் மிகை இல்லை.

ஒரு ராத்திரியில் காலியான ஏரி

டெம்பி நகரத்தின் கதை வேறு மாதிரி. காய்ந்து கிடந்த சால்ட் ஆற்றுப்படுகையை மறுபடியும் அழகாக்கலாம் என்று 1966இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியரும் ஒரு யோசனை வைத்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1999இல் அது டெம்பி டவுன் லேக் என்ற ஏரியாக நிறைவேறியது. இரண்டு மைல் நீளம், சுமார் 220 ஏக்கர். ஆற்றின் இரு பக்கமும் காற்று ஊதி நிமிர்த்துகிற ரப்பர் அணைகள். வெள்ளம் வந்தால் காற்றை இறக்கிவிட்டு வழிவிடலாம். நிரப்பியது கொலராடோ ஆற்றுத் தண்ணீரால். கொள்ளளவு சுமார் 370 கோடி லிட்டர்.

நாம் முதலில் போட்ட ஆறடிக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்க. 220 ஏக்கருக்கு வருஷத்துக்கு 160 கோடி லிட்டருக்கு மேல் ஆவியாகும். ஏரியின் கொள்ளளவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டரை வருஷத்துக்குள் ஒரு முழு ஏரியே வானத்துக்குப் போகிறது.

2010 ஜூலை 20ஆம் தேதி இரவு மேற்குப் பக்க ரப்பர் அணை ஒன்று வெடித்தது. ஏரித் தண்ணீர் பெரும்பகுதி காய்ந்த ஆற்றில் பாய்ந்து போனது. நல்லவேளையாக யாருக்கும் ஆபத்து இல்லை. விடிந்து பார்த்தவர்கள் கண்ட காட்சி சேறும் சகதியும். பத்து வருஷமாக ஊரின் பெருமையாக இருந்தது ஒரு ராத்திரியில் குட்டையாகிவிட்டது. பாலைவன வெயிலும் உலர்வும் ரப்பரை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நைந்துபோகச் செய்திருந்தன. சில மாதங்களில் மறுபடியும் நிரப்பினார்கள். 2016இல் ரப்பருக்குப் பதிலாக இரும்புக் கதவணை வந்தது. அதற்குக் கோடிக்கணக்கான டாலர் செலவு.

இதில் நமக்கு ஒரு பாடம். ஏரி திறப்பு விழாவுக்குக் கூட்டம் வரும். பதினைந்தாவது வருஷம் கதவை மாற்றுகிற பில்லுக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். ஆனால் ஏரியைக் காப்பாற்றுவது அந்த பில்தான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஏரி வந்த பிறகு கரையில் அலுவலகங்களும் வீடுகளும் வந்தன. படகுப் பயிற்சி, நடைபயிற்சி, திருவிழா என்று மக்கள் கூடுகிறார்கள். 45 டிகிரி வெயிலில் தவிக்கிற ஊருக்கு ஒரு நீர்க்கரை என்பது வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நன்மை இருக்கிறது, விலையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுத வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

மண்ணுக்குள் ஒரு ஏரி

ஆவியாகாத ஏரி ஒன்று உண்டா? உண்டு. அது மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

கொலராடோவிலிருந்து தண்ணீர் தாராளமாக வந்த நாட்களில், அரிசோனா தன் பங்கை முழுதாகப் பயன்படுத்தாமல் இருந்தது. "இன்றைக்கு எடுக்காவிட்டால் கீழே இருக்கிற கலிஃபோர்னியாவுக்குப் போய்விடும்" என்று 1996இல் ஒரு தண்ணீர் வங்கியை அரசாங்கமே தொடங்கியது. பெயரே வங்கிதான். உபரித் தண்ணீரை வாங்கி, மணற்பாங்கான பள்ளங்களில் விட்டு, நிலத்துக்குள் இறக்கினார்கள். யார் எவ்வளவு இறக்கினார்கள் என்பதற்குக் கணக்கு உண்டு. நம்ம பாஸ்புக் மாதிரி வரவு எழுதுவார்கள். பிறகு தேவைப்படும்போது அதற்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். நகராட்சிகளும் இதே முறையில் தங்கள் கணக்கில் சேமிக்கின்றன.

இதைப் பார்க்கப் படகு விட முடியாது. கரையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வெயில் அதைக் குடிக்க முடியாது. பாலைவனத்துக்கு ஏற்ற ஏரி இதுதான்.

கால்வாய்த் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்க இன்னொரு வழியும் இப்போது நடக்கிறது. கால்வாயின் மேல் சூரிய மின்தகடுகளைக் கூரை மாதிரி போடுவது. 2012இல் நம் குஜராத்தில் செய்து காட்டிய யோசனை. ஃபீனிக்ஸுக்குத் தெற்கே உள்ள கிலா ஆற்றுப் பழங்குடிச் சமூகம் தங்கள் கால்வாயில் அதைச் செய்திருக்கிறது. அமெரிக்காவில் இப்படிச் செய்ததில் அதுவே முதல்.

அந்தச் சமூகத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஹோஹோகம் மக்களைத் தங்கள் முன்னோர் என்று சொல்பவர்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேல்பகுதியில் குடியேறியவர்கள் கிலா ஆற்றைத் திருப்பிக்கொண்டதால் இவர்களுடைய வயல் காய்ந்தது, பஞ்சம் வந்தது. பல தலைமுறை வழக்காடிப் போராடி, 2004இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தின் மூலம் தங்கள் பங்கைத் திரும்பப் பெற்றார்கள். இன்றைக்குத் தங்கள் ஆற்றுப்படுகையிலேயே தண்ணீரை விட்டு நிலத்தடிக்கு இறக்குகிறார்கள். காய்ந்த படுகையில் நாணல் திரும்ப வந்திருக்கிறது. ஒரு ஊரில் ஏரி பளபளக்கிறது என்றால், வேறெங்கோ யாருடைய ஆறு காய்ந்தது என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை அவர்கள் நூறு வருஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நூறு வருஷச் சான்று

இப்போது குடிமக்கள் சேவைக்கு வருகிறேன்.

நாம் ஒரு மனை வாங்கினால் என்ன பார்ப்போம்? பட்டா பார்ப்போம், வில்லங்கச் சான்று எடுப்போம், அங்கீகரித்த லேஅவுட்டா என்று கேட்போம். அரிசோனாவின் தீவிர மேலாண்மைப் பகுதியில் இவற்றோடு இன்னொன்றும் உண்டு. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளாகப் பிரித்து விற்க வேண்டும் என்றால், இந்த இடத்துக்கு 100 வருஷத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வேண்டும். மாநில நீர்வளத் துறை அதைச் சரிபார்த்து உறுதி செய்தால்தான் விற்கலாம். நகராட்சியே அப்படிப்பட்ட உறுதியை மொத்தமாகப் பெற்றிருந்தால், அதன் தண்ணீர் இணைப்பைக் காட்டினால் போதும். வாங்குகிறவர் கையில் கொடுக்கிற பொது அறிக்கையில் தண்ணீர் விவரமும் இருக்கும். கிணறுகளின் பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம்.

எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் "ஆறு அல்லது அதற்கு மேல்" என்று சொன்னேன் பாருங்க, ஓட்டை அங்கேதான்.

ஸ்காட்ஸ்டேல் நகர எல்லைக்கு வெளியே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்று ஒரு பகுதி. அங்கே நிலத்தை ஐந்தாகப் பிரித்து, அதில் ஒன்றை இன்னொருவர் மறுபடி ஐந்தாகப் பிரித்து, இப்படியே வீடுகள் எழும்பின. எந்தப் பிரிவும் ஆறைத் தொடவில்லை. அதனால் நூறு வருஷச் சான்றும் தேவைப்படவில்லை. கிணற்றில் தண்ணீர் இல்லாத சில நூறு வீடுகளுக்கு, ஸ்காட்ஸ்டேல் நகரத்தின் குழாயிலிருந்து டேங்கர் லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

இடையில் கொலராடோ ஆற்றின் நிலைமை மோசமானது. 2021 ஆகஸ்டில் வரலாற்றில் முதல்முறையாக அந்த ஆற்றில் அதிகாரப்பூர்வமாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. 2022இல் அரிசோனாவுக்கு 5,12,000 ஏக்கர்-அடி குறைக்கப்பட்டது. நம் கணக்கில் சுமார் 22 டிஎம்சி. மாநிலத்தின் கொலராடோப் பங்கில் 18 சதவீதம். முதல் அடி விழுந்தது பினால் மாவட்ட விவசாயிகள் தலையில். ஸ்காட்ஸ்டேல் நகரம், "எங்கள் எல்லைக்கு வெளியே இனித் தண்ணீர் தர இயலாது" என்று முன்பே எச்சரித்திருந்தபடி, 2023 ஜனவரி 1 முதல் லாரிக்கான குழாயை மூடியது.

லட்சக்கணக்கான டாலர் கொடுத்துக் கட்டிய வீடுகள். ஒரே நாளில் தண்ணீர் எங்கோ தூரத்திலிருந்து, பலமடங்கு விலையில் வர வேண்டியதாயிற்று. பேப்பர் தட்டில் சாப்பிட்டு, மழைத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றிய குடும்பங்களைப் பற்றி அப்போது செய்திகள் வந்தன. அதே நேரத்தில் சில மைல் தூரத்தில் ஏரிகள் நிறைந்து நின்றன. அந்த வருஷமே சட்டமன்றம் தலையிட்டுத் தற்காலிக ஏற்பாடு செய்தது. ஆனால் வீடு வாங்கியவர்கள் பட்ட பாடு பட்டதுதான்.

அதே 2023 ஜூன் மாதம் மாநில அரசு இன்னொரு கணக்கை வெளியிட்டது. ஃபீனிக்ஸ் பகுதியில் அடுத்த நூறு வருஷத் தேவையில் நிலத்தடி நீர் 4 சதவீதம் பற்றாக்குறையாகும் என்றது அந்தக் கணக்கு. நாலு சதவீதம்தானே என்று விட்டுவிடவில்லை. நிலத்தடி நீரை மட்டும் நம்பி வரும் புதிய மனைப்பிரிவுகளுக்குச் சான்று தருவதை நிறுத்துவதாக ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் அறிவித்தார். வியாபாரிகளுக்குப் பிடிக்காத முடிவு. ஆனால் கணக்கைப் பார்த்து எடுத்த முடிவு.

ஏரி எவ்வளவுதான் குடிக்கிறது?

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், வர வேண்டும். "அரிசோனாவில் 70 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் விவசாயத்துக்குத்தான் போகிறது. ஏரிகளை எல்லாம் மூடினாலும் மிஞ்சுவது கொஞ்சம். ஏன் ஏரியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்?"

உண்மைதான். மாநிலத்தின் மொத்தக் கணக்கில் நகர ஏரிகள் சின்னப் பங்கு. இன்னொரு உண்மையும் இருக்கிறது. 1950களின் இறுதியில் பதினோரு லட்சம் பேர் இருந்தபோது அரிசோனா செலவழித்த தண்ணீரின் அளவும், எழுபது லட்சம் பேர் இருக்கிற இன்றைய அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். வயல்கள் வீடுகளாக மாறியதும், சிக்கனமும், மறுபயன்பாடும் அதற்குக் காரணம்.

ஆனால் ஏரி என்பது கண்ணில் படுகிற தண்ணீர். "வாசல்ல புல்லைப் புடுங்குங்க, குளிக்கிற நேரத்தைக் குறைங்க" என்று அரசாங்கம் ஒரு குடும்பத்துக்குச் சொல்கிறது. அந்தக் குடும்பம் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஏரி தளும்புகிறது. "எனக்கு மட்டும்தானா?" என்று தோன்றாதா? அந்த எண்ணம் வந்துவிட்டால் அதற்கப்புறம் எந்த விளம்பரமும் எடுபடாது. "அது நீங்க குடிக்கிற தண்ணி இல்லீங்க, நேத்து சாக்கடையில போனது. கணக்கு இந்தப் பலகையில இருக்கு" என்று சொல்ல முடிந்தால், அந்த வீட்டுக்காரர் மறுநாள் குழாயை இறுக்கி மூடுவார். 28 சென்ட் சட்டம் சேமித்த லிட்டரைவிட அது காப்பாற்றிய நம்பிக்கை பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

குறையையும் சேர்த்தே சொல்கிறேன். இந்தச் சட்டங்கள் எல்லாம் மாநிலத்தின் ஒரு பகுதிக்குத்தான். பெரும்பரப்பில் நிலத்தடி நீரை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலை பல காலமாக இருந்து வருகிறது. ஆழமாகப் போர் போடப் பணம் உள்ளவர் உறிஞ்ச, பக்கத்து வீட்டுக் கிணறு வற்றிய கதைகள் அங்கேயும் உண்டு. கோடு கிழித்த இடத்தில் ஒழுங்கு, கோட்டுக்கு வெளியே அவரவர் சாமர்த்தியம். தண்ணீருக்கோ அந்தக் கோடு தெரியாது.

நீங்கள் கேட்க வேண்டியது

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள்.

உங்கள் ஊரில் நாளைக்கு ஒரு பூங்காக் குளமோ, குடியிருப்பு வளாகத்தில் ஒரு செயற்கை நீர்நிலையோ வருகிறது என்று அறிவிப்பு வந்தால், மூன்று கேள்வி கேளுங்க. இதை நிரப்பப்போவது எந்தத் தண்ணீர்? மழையா, சுத்திகரித்த கழிவுநீரா, குடிநீரா? வருஷத்துக்கு எவ்வளவு ஆவியாகும், அந்தக் கணக்கை யார் எழுதி எங்கே ஒட்டுவார்கள்? பதினைந்து வருஷம் கழித்துக் கரையையும் கதவையும் பழுதுபார்க்கப் பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது? பொது இடம் என்றால் கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்து மூலமும் கேட்கலாம்.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு நாலாவது கேள்வி ஒன்று. "தண்ணி வசதி இருக்கு" என்று தரகர் சொன்னால், "எங்கிருந்து, யாருடைய குழாய், அவங்க நிறுத்தினா என்ன?" என்று கேட்டுவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்க. ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸில் வீடு வாங்கியவர்களும் விவரம் தெரிந்தவர்கள்தான். அந்த ஒரு கேள்விதான் விட்டுப்போயிற்று.

பாலைவனத்தில் ஏரி இருப்பது தப்பு இல்லை. கணக்கு இல்லாமல் இருப்பதுதான் தப்பு. மழை அதிகம் பெய்கிற ஊருக்கும் அது பொருந்தும்.